விளையாட்டு கிளப்பில் உள்ளகக் குழு: எங்கே சிக்கும், எப்படிக் கடப்பது

தடகளமும் கபடியும் சொல்லிக்கொடுக்கும் மாவட்ட அளவிலான கிளப் ஒன்றில் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சட்டப்படி செய்து முடித்த வழியை இங்கே எழுதுகிறோம். இதே வேலையில் இறங்கும் மற்றவர்களுக்கு உதவட்டும்.

முதல் சிக்கல் ஆள் கணக்கில் வரும். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் இப்படிப்பட்ட புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். "சம்பளத்துக்கு நாலு பேர்தானே இருக்கிறோம்" என்று பல கிளப்புகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் ஊழியர்களில் தினக்கூலி, ஒப்பந்தக்காரர், சம்பளம் வாங்காத தன்னார்வலர், பழகுநர் எல்லாரும் அடக்கம். சாயங்காலம் வந்து உதவும் சீனியர்கள், வாட்ச்மேன், பகுதிநேர பிசியோ, மைதானம் பெருக்கும் அம்மா என்று எண்ணிப் பாருங்கள், 10 சுலபமாகத் தாண்டும். மைதானமும் விளையாட்டு வளாகமும் பணியிடம்தான் என்று சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. புகார் கொடுப்பவர் அங்கே வேலை பார்ப்பவராக இருக்க வேண்டியதும் இல்லை; பயிற்சிக்கு வரும் வீராங்கனையும் கொடுக்கலாம்.

சின்ன கிளப்புகள்தான் அசட்டையாக இருக்கின்றன என்று நினைக்க வேண்டாம். 30 தேசிய விளையாட்டுக் கூட்டமைப்புகளில் 16இல் இந்தக் குழுவே இல்லை என்ற நாளிதழ்ச் செய்தியை, 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பு ஒன்றிலேயே சுட்டிக்காட்டியது.

குழுவின் தலைவர் அங்கே பணியாற்றும் மூத்த பெண்ணாக இருக்க வேண்டும். ஊழியர்களிலிருந்து குறைந்தது 2 பேர், வெளியிலிருந்து ஒருவர், மொத்தத்தில் பாதிப் பேராவது பெண்கள். பதவிக்காலம் அதிகபட்சம் 3 ஆண்டு. வெளி உறுப்பினர் பெண்கள் நலனுக்காக வேலை செய்யும் அமைப்பைச் சேர்ந்தவராகவோ இந்த விஷயம் தெரிந்தவராகவோ இருக்க வேண்டும். இங்கேதான் தவறு அதிகம் நடக்கிறது: செயலாளரின் நண்பரான வக்கீலையோ புரவலரின் மனைவியையோ போட்டுவிடுகிறார்கள். பெயர்ப் பலகையைப் பார்த்ததுமே எந்தப் பெண்ணும் புகாரை மடித்து வைத்துவிடுவாள்.

புகாரை எழுத்தில், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதிக் கொடுப்பது குழுவின் கடமை. புகாரின் 6 பிரதி வாங்கி, ஒன்றை 7 வேலை நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு அனுப்ப வேண்டும். அவர் 10 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும், அதன்பின் 10 நாளில் அறிக்கை. அமர்வில் தலைவரையும் சேர்த்து குறைந்தது 3 பேர் இல்லாவிட்டால் விசாரணை செல்லாது. சமரசம் அந்தப் பெண் தானாகக் கேட்டால் மட்டும்தான். அதிலும் பணம் கொடுத்து முடிப்பதற்கு இடமே இல்லை. புகார் கிளப்பை நடத்துபவர் மீதே என்றால், அதை உள்ளகக் குழு கையில் எடுக்கக் கூடாது. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். 10 பேருக்குக் குறைவான கிளப்புகளுக்கும் அதுவே வழி.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள். பாதிக்கப்பட்டது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் உள்ளகக் குழு விசாரித்துக்கொண்டு உட்காரக் கூடாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்தவுடன் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். "முதலில் நாமே உண்மையா என்று பார்ப்போம், பிள்ளையின் பெயர் கெட்டுவிடும்" என்று நல்லெண்ணத்தில் தள்ளிப்போடுவதும் குற்றம்தான். கீழே வேலை செய்பவர் செய்ததை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. பிள்ளையிடம் நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லாதீர்கள். சொன்னதை அவள் அல்லது அவன் வார்த்தையிலேயே தேதி, நேரத்துடன் எழுதி வைத்தால் போதும்.

2020ஆம் ஆண்டுப் போக்சோ விதிகள் விளையாட்டு அகாடமிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கின்றன. கோச் முதல் சமையல்காரர் வரை எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு, அதுவும் குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி. சான்றிதழ் வழக்குப் பதிவானதை மட்டும்தான் காட்டும். சத்தமில்லாமல் வெளியே அனுப்பப்பட்டவர் அதில் சிக்க மாட்டார். அதனால் வேலைக்கு வருபவர் கடைசியாக இருந்த இரண்டு இடங்களுக்குப் போன் போட்டு, "பிள்ளைகளோடு மறுபடி வேலைக்கு வைப்பீர்களா?" என்று நேராகக் கேட்க வேண்டும். பதில் வருவதற்கு முன் விழும் தயக்கமே நிறையச் சொல்லிவிடும்.

வெளியூர்ப் போட்டிதான் விதிகள் உடையும் இடம். பயணச்சீட்டு எடுக்கும்போதே பெண் பொறுப்பாளருக்கும் பிள்ளைகள் இருக்கும் பெட்டியிலேயே இடம் எடுக்க வேண்டும்; கடைசி நேரத்தில் ஆள் இல்லை என்றால் அணி போகக் கூடாது. பெரியவரும் பிள்ளையும் ஒரே அறையில் தங்கக் கூடாது. கபடியில் பெண்களுக்கு எடை பார்ப்பது பெண்தான். மசாஜ், டேப்பிங் (தசை, மூட்டில் டேப் ஒட்டுவது) எல்லாம் கதவு திறந்திருக்க, மூன்றாம் ஆள் பக்கத்தில் இருக்க. தனி வாட்ஸ்அப் செய்தி கிடையாது, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளிடம் இது இன்னும் கவனமாக நடக்க வேண்டும். தூக்கி உட்காரவைக்க, உடை மாற்ற ஆள் தேவைப்படும். யார் தூக்கலாம், எப்படித் தூக்கினால் வலிக்காது என்பதை அந்தப் பிள்ளையிடமே கேட்டு எழுதி வைக்க வேண்டும். சாய்தளம் 1:12 (1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்), கழிப்பறைக் கதவு 900 மில்லிமீட்டர், உள்ளே சக்கர நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர். இவை இல்லாத மைதானத்தில், கழிப்பறைக்குப் போகப் பயந்து பிள்ளை தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நிற்கும்.

அரசுச் சான்றிதழின் ஊனச் சதவீதத்தை வைத்துப் பாரா தடகளத்தில் (மாற்றுத்திறனாளிகளுக்கான தடகளம்) பிள்ளை போட்டியிடும் பிரிவை முடிவு செய்யாதீர்கள். அங்கே அளவுகோல் வேறு. உதாரணமாக, கால் நீள வேறுபாடு என்றால் குறைந்தது 7 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். இப்படிப் பிரிவு ஒதுக்கும் வகைப்படுத்தல் தவறினால் வென்றதும் நிற்காது: டோக்கியோ பாராலிம்பிக்கில் வட்டு எறிதலில் வினோத் குமார் பெற்ற வெண்கலம் அப்படித்தான் பறிபோனது.

கடைசியாக அறிவிப்புப் பலகை. குழு உறுப்பினர் பெயர்கள், குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181. செயலாளர் அறை வாசலில் ஒட்டினால் யாரும் நின்று படிக்க மாட்டார்கள். பெண்கள் உடை மாற்றும் அறைக்குள், கதவின் உள்பக்கம், லேமினேட் செய்து ஒட்டுங்கள்.