எதிர்காற்றுக்கு ஒரு துணை

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கிச் சைக்கிளில் புறப்பட்டபோது, என் கால்களில் ஒரே வாரத்தில் புது வலு ஏறிவிட்டதாக நான் உண்மையாகவே நம்பினேன். கைப்பிடியில் மாட்டியிருந்த மீட்டர் 28 கிலோமீட்டர் வேகம் காட்டியது. நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் உத்தண்டிச் சுங்கச்சாவடியும் வந்த சுவடு தெரியாமல் பின்னால் போயின. புதிதாகச் சேர்ந்திருந்த குழுவினருடன் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே முட்டுக்காட்டுப் பாலத்தையும் கடந்துவிட்டேன். கோவளத்தில் தேநீர் குடித்துவிட்டு வண்டியை வடக்கே திருப்பிய பிறகுதான், அதுவரை என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது வடகிழக்குப் பருவக்காற்று என்பதும், அதில் என் பங்கு மிகவும் சொற்பம் என்பதும் புரிந்தன. அதே காலில், அதே கியரில், மீட்டர் 17ஐத் தாண்ட மறுத்தது.

முதல் நாள் இரவு அந்தக் குழுவிலிருந்து வந்த வாட்ஸாப் செய்தியில் ‘யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டோம்’ என்று எழுதியிருந்தார்கள். திரும்பும் வழியில் பாலத்தை நெருங்குவதற்குள் கடைசி ஆளின் மஞ்சள் சட்டை ஒரு புள்ளியாகிக் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. கானத்தூர் அருகே பின்சக்கரம் பஞ்சரானபோது, டியூப் மாற்றத் தெரியாத நான், காலை எட்டு மணி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அவர்கள் மீது எனக்கு இன்று வருத்தம் இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய மெதுவான வேகமே என்னுடைய முழு வேகத்தைவிட அதிகம் என்பதை இரு தரப்பும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

வாடை என்றால் வடக்கிலிருந்து வரும் காற்று, தென்றல் தெற்கிலிருந்து, கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து என்று பள்ளியில் மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த நான்கு சொற்களின் பொருளையும் முழங்காலில் உணர்ந்தது நாற்பது வயதுக்குப் பிறகு இந்தச் சாலையில்தான். நவம்பர் முதல் ஜனவரி வரை மாமல்லபுரம் போகும் வழி எளிதாகவும் திரும்பும் வழி கொடுமையாகவும் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கிலிருந்து காற்று வரும் நாட்களே அதிகம் என்பதால் கணக்கு தலைகீழாகிறது. போகும்போது வருந்தி, வரும்போது வாழலாம். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்துவிட்டால் அதுவரை போட்ட கணக்கெல்லாம் மாறிவிடும். மலையே இல்லாத ஊரில் எங்கே ஏற்றம் பழகுவது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. நாமக்கல்காரர்களுக்குக் கொல்லிமலையின் 70 வளைவுகள் இருக்கின்றன. சென்னைக்காரர்களுக்குக் காற்றுதான் மலை. ஒரே வேறுபாடு, இந்த மலைக்கு உச்சி கிடையாது.

அந்த டிசம்பருக்கு முன்புவரை என் இலக்கு, 40 கிலோமீட்டர் தூரத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் சராசரியில் முடிப்பது என்பதாக இருந்தது. அந்த இலக்கை எங்கிருந்து எடுத்தேன் என்பது இப்போது நினைவில்லை. அனேகமாகச் சைக்கிள் ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் பிறர் பதிந்த எண்களைப் பார்த்துப் பொறாமையில் எடுத்ததாக இருக்கலாம். அந்த எண்ணை அடைவதும் தவறுவதும் பெரும்பாலும் காற்றின் கையில் இருந்தது. நான் தேறினேனா தேய்ந்தேனா என்று அதிலிருந்து எதையும் அறிய முடியவில்லை. காற்றின் தடையை வெல்ல நொடிக்குச் செலவாகும் ஆற்றல், காற்றற்ற நாளிலேயே, வேகம் இருமடங்கானால் எட்டு மடங்காகிறது. ஆகவே 24லிருந்து 30க்குத் தாவ விரும்பும் நடுவயதுக்காரர் ஒருவர் அந்த ஆறு கிலோமீட்டருக்குக் கொடுக்க வேண்டிய விலை, 18லிருந்து 24க்கு வந்தபோது கொடுத்த விலையைவிட மிக அதிகம்.

இலக்கை மாற்றியது பி.ஆர்.எம். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தின் விதிகளைப் படித்த பிறகுதான். பிரான்ஸின் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சைக்கிள் சங்கம் வகுத்த விதிகளின்படி உலகெங்கும் நடக்கும் இந்தப் பயணங்களைச் சென்னையில் மெட்ராஸ் ராண்டனியர்ஸ் குழுவினர் நடத்துகிறார்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27, 600க்கு 40. இது பந்தயம் அன்று. முதலில் வந்தவர் யார், கடைசியில் வந்தவர் யார் என்ற வரிசையும் கிடையாது. எனக்கு மிகவும் பிடித்த விதி, வேகத்துக்கும் ஓர் உச்ச வரம்பு இருப்பது: 200 கிலோமீட்டரை 5 மணி 53 நிமிடத்துக்கு முன்பே முடித்துவிட்டால், முடிவிடம் திறக்கும்வரை ஓட்டியவர் காத்திருக்கத்தான் வேண்டும். வழியில் பின்தொடர்ந்து உதவ வண்டி வரக்கூடாது. நம் பஞ்சரை நாமே ஒட்ட வேண்டும். இன்ன இடத்தைக் கடந்தோம் என்பதற்கு அட்டையில் முத்திரையோ, சில இடங்களில் ஏ.டி.எம். ரசீதோ சான்றாக இருக்க வேண்டும்.

நான் கணக்கெழுதிப் பிழைப்பவள் என்பதால் உடனே தாளை எடுத்தேன். 13 மணி 30 நிமிடத்தில் 200 கிலோமீட்டர் என்றால், நிற்கும் நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15க்கும் சற்றுக் குறைவு. சாப்பாடு, தேநீர், பஞ்சர், முத்திரை எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், ஓடும் வேகம் 17.4 இருந்தால் போதும். அதாவது, அந்த டிசம்பர் காலையில் எதிர்காற்றில் அழுதுகொண்டே ஓட்டினேனே, ஏறக்குறைய அதே வேகம். அதைப் பதினொன்றரை மணி நேரம் தாங்க முடியுமா என்பது மட்டுமே கேள்வி. இந்தக் கணக்கு என் பயிற்சியை மாற்றியது போலவே நான் தேட வேண்டிய துணையையும் மாற்றிவிட்டது.

பஞ்சர் போடக் கற்றுக்கொள்வதற்காகப் போன சைக்கிள் கடையில்தான் அவரைச் சந்தித்தேன். ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர், அப்போது 61 வயது, பின்னால் கேரியர் வைத்த பழைய இரும்புச் சட்டச் சைக்கிள். ஒரு செயினின் விலையைப் பற்றிக் கடைக்காரருடன் அரை மணி நேரமாக வாதாடிக்கொண்டிருந்தார். நான் அவரை ‘சார்’ என்பேன், அவர் என்னை ‘அம்மா’ என்பார். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து ஓட்டலாமா என்று நான் கேட்டபோது, என் சராசரி வேகத்தை அவர் விசாரிக்கவில்லை. “சனிக்கிழமை ராத்திரி எத்தனை மணிக்கும்மா தூங்குவீங்க?” என்று கேட்டார். பத்து மணி என்றேன். “அப்ப வாங்க” என்றார். வேகத்தைப் பற்றி ஒருவர் சொல்வது அவருடைய மிகச் சிறந்த நாளைப் பற்றிய செய்தி. தூங்கும் நேரத்தைப் பற்றிச் சொல்வது ஐந்து மணிக்குப் பெட்ரோல் பங்க் வாசலில் அவர் நிற்பாரா மாட்டாரா என்பதைப் பற்றிய செய்தி என்று பின்னொரு நாள் விளக்கினார்.

மூன்றாமவள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் 27 வயதுப் பெண். எங்கள் இருவரையும்விட மிக வேகமானவள். செவ்வாய், வியாழன்களில் தனியே கடுமையாகப் பயிற்சி செய்பவள். இவள் ஏன் நம்முடன் வருகிறாள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. “அக்கா, உங்ககூட வந்தாதான் நான் மெதுவா ஓட்டுறேன், தனியா விட்டா அடிச்சுக்கிட்டே போயிடுவேன்” என்று அவளே சொன்னாள். நெடுந்தூரத்துக்கான உடல்வலுவில் பெரும்பகுதி, முழு வாக்கியமாகப் பேசக்கூடிய மெதுவான வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டுவதால்தான் கிடைக்கிறது. ஆகவே என் வேகமான நாளுக்கு ஈடுகொடுப்பவரைத் தேடியது வீண் வேலை. என் மெதுவான நாளுக்கு ஒத்துப்போகிறவர்தான் எனக்குத் தேவைப்பட்டார். இதற்கு வேறொரு காரணமும் உண்டு. விடியாத நேரத்தில் ஒரு பெண் தனியாகச் சைக்கிளில் போகும்போது, மெதுவாக உடன் வரும் மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றின் நோக்கம் வழி கேட்பதாக இருப்பதில்லை. மூவராகப் போகத் தொடங்கிய பிறகு அந்த வண்டிகள் அனேகமாக மறைந்துவிட்டன.

பயிற்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஞாயிறுதோறும் தூரத்தை 50, 60, 70 என்று பத்துப் பத்தாகக் கூட்டினோம். நான்காவது ஞாயிறு பாதியாகக் குறைத்தோம். மே மாதத்தில் நாலரைக்குப் புறப்பட்டு எட்டரைக்குள் வீடு திரும்பினோம். மாமல்லபுரத்தைத் தாண்டி முதன்முறை போன அன்று, 70 கிலோமீட்டரில், என் கை நடுங்கிக் கண் இருண்டது. பசி தெரியும் முன்பே உடலில் சேமித்த சர்க்கரை தீர்ந்துவிடுகிறது என்று அன்றுதான் கற்றேன். அதன் பிறகு முக்கால் மணிக்கு ஒருமுறை ஒரு வாழைப்பழமோ இரண்டு கடலை மிட்டாயோ என்பது சாரின் கைக்கடிகாரத்தில் அலாரமாக ஏறியது.

சேர்ந்து ஓட்டுவதில் மெய்யாகவே பழக வேண்டியிருந்தது, ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டி ஓட்டுவதுதான். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு சக்கர அளவு இடைவெளியில் தொடர்ந்தால், பின்னால் வருபவருக்கு உழைப்பில் கணிசமான பங்கு மிச்சமாகும். எதிர்காற்றில் இன்னும் அதிகம். ஆனால் நம் முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தின் பக்கவாட்டில் நுழைந்துவிடக் கூடாது. நுழைந்த நிலையில் அவர் ஒரு குழிக்காகச் சற்றே விலகினாலும் விழப்போவது நாம்தான், அவர் அல்ல. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கு அருகில் என் முழங்கையின் தோல் கொஞ்சம் இதற்குச் சாட்சியாகச் சாலையில் கிடக்கிறது. வடகிழக்குக் காற்றில் திரும்பும்போது இன்னொரு சிக்கலும் வருகிறது. காற்று வலப்புறம் முன்னாலிருந்து அடிப்பதால், மறைப்பு கிடைக்கும் இடம் முன்னே செல்பவரின் இடப்பின்புறம். ஆனால் நாம் ஏற்கெனவே சாலையின் இட ஓரத்தில்தான் ஓட்டுகிறோம், அதற்கும் இடப்புறம் மணலும் சரளையும் மட்டுமே உள்ளன. முன்னவர் வலப்பக்கம் நகர்ந்து இடம் கொடுக்கலாம் என்றால் அங்கே புதுச்சேரியிலிருந்து விரைந்து வரும் பேருந்துகள். எனவே எங்கள் வழக்கம், மறைப்பைப் பாதி விட்டுக்கொடுத்து நேர்க்கோட்டிலேயே போவதும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை முன்னவர் பின்னால் வருவதும். முன்னால் வரும் முறை தனதாகும்போது வேகத்தைக் கூட்டிக் காட்டக் கூடாது என்பது எழுதாத விதி. எங்கள் இளையவள் அதை மூன்று மாதம் மீறிக்கொண்டிருந்தாள்.

பயிற்சி தொடங்கியதற்கு அடுத்த ஆண்டு ஜனவரியில் 200 கிலோமீட்டரை ஓட்டினோம். 100ஆவது கிலோமீட்டரில் அட்டைக்கு முத்திரை இடும் கட்டுப்பாட்டு நிலையம் 6 மணி 40 நிமிடத்தில் மூடும். நாங்கள் ஐந்தரை மணி நேரத்தில் சேர்ந்து இட்லி சாப்பிட்டோம். 150ஐத் தாண்டியதும் சாரின் இடது முழங்கால் மடங்க மறுத்தது. “நீங்க ரெண்டு பேரும் போங்கம்மா” என்று மரநிழலில் அமர்ந்துகொண்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தாளில் எழுதி வைத்திருந்த இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன். 35 நிமிடம் இருந்தது. இருபது நிமிடம் இருந்தோம். இருக்கையை ஒரு விரற்கடை உயர்த்தி, உப்புப் போட்ட மோர் வாங்கிக் கொடுத்து, அவரை நடுவில் விட்டு, எதிர்காற்றில் நாங்கள் இருவரும் மாறி மாறி முன்னால் ஓட்டினோம். 13 மணி 14 நிமிடத்தில் முடித்தோம். அன்றைய என் ஓட்ட வேகத்தைச் சொன்னால் அந்தப் பழைய குழுவினர் சிரிப்பார்கள்.

மருத்துவர் முழங்காலைப் பார்த்து, எலும்பில் கோளாறு இல்லை, இருக்கை இத்தனை ஆண்டுகளாகத் தாழ்வாக இருந்திருக்கிறது என்று சொல்லிவிட்டார். சார் இப்போது 300 வேண்டும் என்கிறார். 20 மணி நேரம் என்றால் எப்படிக் கணக்கிட்டாலும் ஓர் இரவின் பெரும்பகுதி சாலையில்தான். முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டை எல்லாம் கட்டாயம். இரவில் மூவரில் ஒருவருக்குத் தூக்கம் வந்தாலும் மற்ற இருவரும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பதால் நான்காவது ஆள் ஒருவரைத் தேடுகிறோம். வேகம் 18 இருந்தால் போதும். டியூப் மாற்றத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நானே கற்றுக்கொடுப்பேன். சனிக்கிழமை இரவு எத்தனை மணிக்குத் தூங்குவீர்கள் என்ற கேள்வியை மட்டும் சார்தான் கேட்பார்.