590 ரூபாயும் வசூல் ஏஜென்ட்டும்: நாட்குறிப்பு

ஜூன் 11, 2024

இரவு எட்டே முக்காலுக்கு ஒரு அழைப்பு. "மேடம், கார்டு டியூ 4,217 ரூபாய் பெண்டிங்ல இருக்கு. இன்னைக்கே கட்டிடுங்க, இல்லன்னா நாளைக்கு வீட்டுக்கு ஆள் வரும்." எந்த ஏஜென்சியிலிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டதும் குரல் மாறிவிட்டது. "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? பணத்தைக் கட்டுற வழியைப் பாருங்க."

நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். சம்பளக் கணக்கு தொடங்கியபோது அந்த வங்கி ஒரு கிரெடிட் கார்டையும் சேர்த்து அனுப்பியது. நான் கேட்கவில்லை. ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்கவில்லை, பின் நம்பர் போடவில்லை, ஒரு ரூபாய்க்குக்கூடப் பயன்படுத்தவில்லை. ஒரு வருடம் கழித்து ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90, ஆக 590 என்று பில் வந்தது. மே 20 அன்று வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் எழுதினேன். புகார் எண் ஒன்று வந்தது, அதற்கு மேல் எதுவும் வரவில்லை. இப்போது வசூல் ஏஜென்ட் அழைக்கிறார். 590 எப்படி 4,217 ஆனது என்று அவருக்கும் தெரியவில்லை.

ஜூன் 12

ராத்திரி வெகுநேரம் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைப் படித்தேன். பயத்துக்கு அதைவிட நல்ல மருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

கிரெடிட் கார்டுகளுக்கென்று ஏப்ரல் 2022இல் ஒரு விரிவான நெறிமுறை வந்திருக்கிறது. கார்டு வழங்கி 30 நாளுக்கு மேல் ஆகியும் வாடிக்கையாளர் அதைச் செயல்படுத்தவில்லை என்றால், வங்கி ஓடிபி மூலம் அவருடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால், கேட்ட நாளிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் கட்டணம் எதுவும் இல்லாமல் அந்தக் கணக்கை மூடிவிட வேண்டும். எனக்கு அப்படி ஒரு ஓடிபி வரவே இல்லை. பழைய குறுஞ்செய்திகளை எல்லாம் தேடிப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. கட்டாமல் நிற்கும் கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாதாம். ஆனால் என் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு மாதமும் அதைத்தான் செய்திருக்கிறார்கள்: தாமதக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, மொத்தத்துக்கும் வட்டி, அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி.

வசூல் ஏஜென்ட்டுகள் பற்றிய 2008ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைதான் எனக்கு மிக முக்கியமானது. வாடிக்கையாளர் புகார் கொடுத்திருந்தால், அதைத் தீர்த்து வைக்கும்வரை அவர் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது. வேண்டுமென்றே அற்பப் புகார்களைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. என் புகார் மே 20இலிருந்து அப்படியே கிடக்கிறது. அதாவது அந்த ஏஜென்ட் என்னை அழைத்திருக்கவே கூடாது.

ஜூன் 13

வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதிவிட்டேன். பழைய புகார் எண், அழைப்பு வந்த நேரத்தின் ஸ்கிரீன்ஷாட், என் கையெழுத்தோடு கார்டு விண்ணப்பம் இருந்தால் அதன் நகலைக் காட்டுங்கள் என்ற கோரிக்கை, அவ்வளவுதான். கோபமாக எழுதிய முதல் வரைவை அழித்துவிட்டேன்.

ஜூன் 17

இன்று அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

கணக்குத் தொடங்கியபோது அவசரத் தொடர்புக்கு என்று கொடுத்த எண் அது. "உங்க பொண்ணு கடன் வாங்கிட்டு ஏமாத்திட்டு இருக்காங்க, பெரியவர் நீங்களாவது சொல்லிக் கட்ட வையுங்க" என்று பேசியிருக்கிறார்கள். அப்பா வாழ்க்கையில் யாரிடமும் கடன் வாங்கியவர் இல்லை. மளிகைக் கடையில்கூட அன்றன்றைக்குக் கொடுத்துவிடுவார். மாலையில் என்னை அழைத்தபோது முதலில் நலம் விசாரித்தார், அப்புறம் தயங்கித் தயங்கி, "பணம் ஏதும் தேவைப்பட்டா சொல்லும்மா, நான் அனுப்பறேன்" என்றார். கடன் இல்லை அப்பா, நான் பயன்படுத்தாத கார்டுக்குப் பில் போடுகிறார்கள் என்று விளக்கினேன். "சரிம்மா, ஆனா நாலாயிரம்தானே, கட்டிடேன். நிம்மதியா இருக்கலாம்" என்றார்.

அந்த நிம்மதியைத்தான் அவர்கள் விற்கிறார்கள். தொகை சின்னது, அதனால் கட்டிவிடுவார்கள் என்பதுதான் கணக்கு. தம்பியும் அதையே சொல்கிறான்: "அக்கா, உன் நேரத்துக்கு மதிப்பு இல்லையா?" இருக்கிறது. ஆனால் இதைக் கட்டினால், அப்பாவிடம் அவர்கள் சொன்னது உண்மை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

ஆகஸ்ட் 2022 சுற்றறிக்கையில் இதெல்லாம் தெளிவாக இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது. குடும்பத்தினர், நண்பர்களின் தனிமையில் தலையிடக் கூடாது. ஏஜென்ட் செய்வதற்கெல்லாம் வங்கிதான் பொறுப்பு. அப்பாவின் போனில் அந்த அழைப்பு இருந்த திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார், கொஞ்சம் மங்கலாக, ஆனால் எண்ணும் நேரமும் தெரிகிற மாதிரி. இன்றே வங்கிக்குப் போய்விட்டது.

ஜூன் 19

ஆள் வந்தேவிட்டார். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தோளில் பை, கையில் போன், போன் திரையில் பெயர்ப் பட்டியல். கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினோம்.

வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் கேட்டேன். அட்டை இருந்தது, கடிதம் இல்லை. "ஆபீஸ்ல இருக்கு மேடம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "1,500 கட்டுங்க, செட்டில்மென்ட்னு போட்டு முடிச்சிடலாம். இந்த நம்பருக்கு ஜிபே பண்ணிடுங்க" என்றார். எண்ணைத் தட்டிப் பார்த்தால் யாரோ ஒரு தனிநபரின் பெயர் வந்தது. வங்கிக் கணக்கு அல்லாத எண்ணுக்குப் பணம் அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்த 'செட்டில்மென்ட்' பற்றி ஒரு வார்த்தை. குறைந்த தொகைக்குப் பேசி முடித்தால், நம் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டில் அந்தக் கணக்கு 'செட்டில்டு' என்று நிற்கும், 'குளோஸ்டு' என்று அல்ல. நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது, முழுத் தொகையையும் கட்டாதவர் என்றுதான் அதைப் படிப்பார்கள். வாங்காத கடனுக்கு அந்த முத்திரை எனக்கு வேண்டாம்.

புகாரின் நகலை அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டேன். போடவில்லை. ஆனால் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "எங்களுக்கு லிஸ்ட் வருது மேடம், தகராறுன்னு அதுல எதுவும் போட்டிருக்காது" என்றார். அதை நம்புகிறேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அந்தப் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தவர்கள் மேல்தான்.

ஜூன் 28

வங்கியிடமிருந்து பதில். "கட்டணங்கள் விதிமுறைப்படியே விதிக்கப்பட்டுள்ளன." கூடவே விண்ணப்பத்தின் நகல். சம்பளக் கணக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது. கார்டு பக்கத்தில் கட்டத்துக்குள் அச்சிட்ட ஒரு டிக் மட்டும், கையெழுத்துக்கான இடம் காலி. அவர்களே அனுப்பிய இந்தத் தாளைவிட நல்ல ஆதாரம் எனக்கு வேறு கிடைத்திருக்காது.

ஜூலை 2

ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) திட்டத்தில் புகார் பதிவு செய்தேன். 2021இல் வந்த திட்டம் இது. முதலில் வங்கியிடம் புகார் செய்திருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இங்கே வரலாம். இணையத்தில் சிஎம்எஸ் என்ற ரிசர்வ் வங்கியின் புகார்த் தளத்திலேயே பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14448க்கு அழைக்கலாம்.

கேட்டிருப்பவை: எல்லாக் கட்டணத்தையும் திரும்ப எடுக்க வேண்டும், கார்டை மூட வேண்டும், அப்பாவிடம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கேட்காமல் கார்டு கொடுத்துப் பில் போட்டால், அந்தக் கட்டணத்தை ரத்து செய்வதோடு அதைப் போல இரண்டு மடங்கை அபராதமாகவும் தர வேண்டும் என்று 2022 நெறிமுறை சொல்கிறது. அதையும் கேட்டிருக்கிறேன்.

ஜூலை 24

அழைப்புகள் நின்றுவிட்டன.

ஆகஸ்ட் 9

வங்கியின் கடிதம் வந்தது. 4,217 ரூபாயும் ரத்து, கார்டு கணக்கு மூடப்பட்டது, பாக்கி எதுவும் இல்லை. முத்திரையோடு ஒரு பக்கம். நேற்று ஓர் அதிகாரி அப்பாவையும் அழைத்து, தவறு எங்கள் பக்கம்தான் என்று சொல்லியிருக்கிறார். அப்பா அந்த உரையாடலை எனக்கு முழுதாக ஒப்பித்தார், நடுவில் ஒருமுறை நிறுத்தி, "நான் அன்னைக்கே சொன்னேன், என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லைன்னு" என்றார். அன்றைக்கு அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்றுதான் தெரியும்.

ஆகஸ்ட் 30

கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துப் பார்த்தேன். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என, நம் கடன் விவரங்களைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். மூன்றில் சுத்தமாக இருக்கிறது. ஒன்றில் மட்டும் அந்தக் கார்டு இன்னமும் நிலுவை என்று நிற்கிறது, ஸ்கோரும் இறங்கியிருக்கிறது. தகராறு தீராத நிலையில் இதைத் தெரிவித்திருக்கவே கூடாது.

உடனே அந்த நிறுவனத்தின் தளத்தில் திருத்தக் கோரிக்கை போட்டு, வங்கிக் கடிதத்தை இணைத்தேன். 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் ரத்தானதும் இதே மாதிரி சண்டை போட்ட பலர் இந்த இடத்தில் ஓய்ந்துவிடுவார்கள். தயவுசெய்து ரிப்போர்ட்டையும் பாருங்கள்.

செப்டம்பர் 23

ரிப்போர்ட் திருத்தப்பட்டது. கார்டு 'குளோஸ்டு', நிலுவை பூஜ்யம்.

இரண்டு மடங்கு அபராதம் 8,434 ரூபாய் பற்றி மட்டும் வங்கி வாயே திறக்கவில்லை. கையெழுத்து இல்லாத அந்தப் பக்கத்தை மீண்டும் இணைத்து, இன்று காலை அதற்கும் எழுதிவிட்டேன்.