தவிட்டுக்குள் வெள்ளரி: நுகாதோகோ வளர்த்த அனுபவம்

ஜப்பானில் சாலையோரங்களில் அரிசி தீட்டும் இயந்திரங்கள் சிறு அறைகளுக்குள் நிற்கும். தீட்டாத பழுப்பரிசியைக் கொட்டி நாணயம் போட்டால் சில நிமிடங்களில் வெள்ளை அரிசி வந்துவிடும். உதிர்ந்த தவிடு தனியே ஓர் அறையில் குவிந்து கிடக்கும். பல இடங்களில் அதை வேண்டியவர்கள் இலவசமாகவே அள்ளிக்கொள்ளலாம். சைத்தாமாவில் எங்கள் வீட்டுக்கு அருகில், வயலை ஒட்டி அப்படி ஒன்று இருக்கிறது. ஊறுகாய் போடும் தவிட்டுப் படுகையான நுகாதோகோ தொடங்கத் தவிடு எடுத்தது அங்கேதான். அன்றே தீட்டிய தவிட்டில் இலேசான இனிப்பு மணம் இருக்கும். நாள்பட்டால் எண்ணெய் சிக்கு வாடை ஏறிவிடும். ஆகவே முகர்ந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

தவிட்டை உப்புநீரில் பிசைந்து நொதிக்கவிடும் படுகைதான் நுகாதோகோ. அதில் காய்களைப் புதைத்து எடுத்தால் நுகாஸுக்கே என்னும் ஊறுகாய். ஏற்கெனவே நொதித்த படுகையைப் பையில் அடைத்துக் கடைகளில் விற்கிறார்கள். வாங்கிய அன்றே காயைப் போடலாம், நல்ல வசதிதான். எனக்கோ, வெறும் தவிடு உயிர்பெறுவதை முதலிலிருந்தே பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஒரு கிலோ தவிடு, ஒரு லிட்டர் நீர், 130 கிராம் உப்பு. உப்பை நீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்தேன். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் நீர் கசிய வேண்டும், சொட்டக் கூடாது. அதுதான் பதம். கோம்பு என்னும் கடற்பாசியில் ஒரு துண்டும் சில காய்ந்த மிளகாய்களும் சேர்த்தேன். உப்பும் புளிப்பும் சாதாரண உலோகத்தை அரித்துவிடும் என்பதால் எனாமல் பூசிய பாத்திரம்.

அடுத்த கட்டம் பொறுமைக்கானது. முட்டைக்கோஸின் வெளி இலைகளையும் முள்ளங்கியின் வால்பகுதியையும் புதைத்து, இரண்டு மூன்று நாட்களில் எடுத்துச் சாற்றைப் படுகையிலேயே பிழிந்துவிட்டுக் காயை எறிந்துவிட வேண்டும். பிறகு மறுபடியும் புதிய இலைகள். இவை தின்பதற்கல்ல, காயின் மேலிருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாவைக் குடியேற்றி அவற்றுக்கு இரை கொடுப்பதற்கு. முதலில் பச்சைத் தவிட்டு வாடை மட்டுமே இருந்தது. சில நாட்களில் பெயின்ட் கலக்கும் தின்னர் போல மூக்கில் ஏறியது. அது ஈஸ்ட் முந்திக்கொள்ளும் கட்டம். பாக்டீரியா பெருகிப் புளிப்பு ஏறியதும் அந்த வாடை அடங்கி, கனிந்த பழத்தின் மணம் வந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி தன்னுடைய பழைய படுகையிலிருந்து ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். அதைக் கலந்த பின் பழுக்கும் வேகம் கூடியதை மணத்திலேயே உணர முடிந்தது.

"மேலே மேலே கிளறினால் போதாது. அடிவரை கை போக வேண்டும், மூலைகளை விட்டுவிடாதீர்கள்" என்றார் அவர்.

அந்தச் சொல்லுக்குள் முழு அறிவியலும் இருக்கிறது. காற்று படும் மேற்பரப்பில் ஒருவகை ஈஸ்ட் வெள்ளை ஏடாகப் படரும். காற்றே இல்லாத அடியில் பியூட்ரிக் அமில பாக்டீரியா பெருகி நாற்றத்தைக் கிளப்பும். மேலதை அடிக்கும் அடியதை மேலுக்கும் புரட்டினால் இரண்டும் ஒடுங்கும். இடையில் வாழும் லாக்டிக் அமில பாக்டீரியாவின் கை ஓங்கும். தினமும் கையை முழங்கை அருகே வரை விட்டுப் புரட்டி, மேற்பரப்பைத் தட்டி அழுத்தி, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியதைத் துணியால் துடைத்துவிடுகிறேன். கரண்டியாலும் கிளறலாம். ஆனால் இன்று படுகை சூடாக இருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா என்பதைக் கரண்டி எப்படிச் சொல்லும்?

சாப்பிடுவதற்கென்று முதலில் புதைத்தது வெள்ளரி. இரு முனைகளையும் நறுக்கி, உப்புத் தேய்த்து, முழுதாகவே உள்ளே செருகினேன். காலையில் வைத்ததை இரவில் எடுத்துத் தவிட்டைக் கழுவியபோது தோல் கரும்பச்சையாக மாறி, வளைத்தால் முறியாமல் வளைந்தது. நறுக்கியபோது உள்ளே கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. கடித்தால் இன்னும் நறுக்கென்று சத்தம். உப்பும் மெல்லிய புளிப்பும் முதலில் வருகின்றன. தவிட்டின் வாசனை பின்னால் வந்து நாக்கில் தங்குகிறது. வெறும் சோற்றோடு அருமை. தயிர்சாதத்தோடு அதைவிட அருமை என்பது என் முடிவு.

இந்தச் சுவையோடு சேர்ந்து வருவது பி1 வைட்டமின். ஜப்பானிய உணவுச் சத்து அட்டவணைப்படி 100 கிராம் பச்சை வெள்ளரியில் அது 0.03 மில்லிகிராம், தவிட்டில் ஊறிய வெள்ளரியில் 0.26. தீட்டிய வெள்ளை அரிசி பரவிய எடோ நகரில் (இன்றைய டோக்கியோ), பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் பெருகி, அந்நகரின் பெயராலேயே அழைக்கப்பட்டது. 1882இல் புறப்பட்ட ரியூஜோ என்னும் ஜப்பானியக் கடற்படைப் பயிற்சிக் கப்பலில் 376 பேரில் 169 பேருக்கு அந்த நோய் வந்து 25 பேர் இறந்தார்கள். நோயைத் தடுக்கும் பொருளை 1910இல் ஜப்பானிய விஞ்ஞானி உமெதாரோ சுசுகி பிரித்தெடுத்ததும் அரிசித் தவிட்டிலிருந்துதான். ஏறத்தாழ அதே காலத்தில் மலாயாவில் மருத்துவராக இருந்த பிராடன், வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி பரவியதையும், புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் அதற்குத் தப்பியதையும் எழுதிவைத்தார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. இங்கே அதே சத்து காய்க்குள் இறங்குகிறது. இதைப் படித்த பிறகு தவிட்டைக் கழிவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மழைக்காலமும் கோடையும்தான் சோதனை. படுகைக்கு உகந்தது 20 முதல் 25 டிகிரி வெப்பம். அதற்கு மேல் போனால் புளிப்பு விறுவிறுவென்று ஏறும். ஜூலையில் காலை, இரவு என இருமுறை புரட்டினேன். கடும் வெயில் நாட்களில் பாத்திரத்தைக் குளிர்பெட்டிக்குள் ஏற்றினேன். காய்கள் விடும் நீரில் படுகை சேறாகும்போது நடுவில் குழி பறித்து, ஊறிய நீரை ஒற்றியெடுத்து, புதுத் தவிடும் அதற்கேற்ற உப்பும் சேர்க்க வேண்டும். ஒரு பிடி காய்ந்த சோயா போட்டால் அதுவும் நீரை உறிஞ்சும். புளிப்பு மிஞ்சினால் கடுகுத்தூள் உதவுகிறது.

கேரட், முள்ளங்கி எல்லாம் எளிது. கத்தரிக்காய்தான் பிடிவாதக்காரன், அதன் ஊதா நிறம் ஊறும்போது மங்கிவிடும். படிகாரமும் உப்பும் கலந்து தோலில் தேய்த்தால், நிறமி உலோகத்தோடு பிணைந்து நிலைக்கிறது. இரும்பும் இதே வேலையைச் செய்யும். படுகைக்குள் போட்டுவைக்கவென்றே கத்தரிக்காய் வடிவத்தில் இரும்புக் கட்டி விற்கிறார்கள்! நான் படிகாரத்தில் நின்றுவிட்டேன், நிறம் பளிச்சென்று வருகிறது.

படுகை நன்றாக முதிர்ந்துவிட்டதால் இப்போது வேறு பக்கம் திரும்பியிருக்கிறேன். கியூஷூவின் கொகுரா பகுதியில் நுகாதோகோவையே மசாலாவாக்கி மீனை வேகவைப்பார்கள். நுகாதாகி என்று பெயர். மத்தி வாங்கி, சோயா சாஸ், சர்க்கரை, சாக்கே என்னும் அரிசி மது, இஞ்சி சேர்த்துச் சிறுதீயில் வேகவிட்டு, இரண்டு கரண்டி படுகையைக் கரைத்து ஊற்றினேன். குழம்பு சுண்டிக் கெட்டியாகி மீனில் ஒட்டியது. கவிச்சி துளியும் இல்லை. முள்ளும் மெல்லும் அளவுக்கு மென்மை. அடுத்தது கானாங்கெளுத்தி. அதில் கொழுப்பு அதிகம் என்பதால் இஞ்சியையும் படுகையையும் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கப் போகிறேன்.