லூப் வேரியபிளுக்குப் பூட்டு போட்ட வாரம்

ஓய்வு நேரத்தில் ஒரு சின்ன நிரல்மொழிக்கு இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருள்) எழுதி வருகிறேன். கட்டளைகள் எல்லாம் தமிழில். இந்த வாரம் முழுக்க ஒரே கேள்வியில் போனது: லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) ஓடும்போது, சுற்றுகளை எண்ணும் அதன் வேரியபிளை உள்ளேயிருந்து மாற்ற விடலாமா?

முதலில் சி மொழி மாதிரி எந்தத் தடையும் வைக்கவில்லை. அப்புறம் இதை ஓட்டினேன்:

செயல் வரிசை()
  சுழல் அ = 1 முதல் 3 வரை
    அச்சிடு அ
  முடி
முடி

சுழல் அ = 1 முதல் 5 வரை
  வரிசை()
முடி

நிற்கவே இல்லை. இரண்டு லூப்பும் ஒரே குளோபல் (நிரல் முழுக்கப் பொதுவான) 'அ'வைப் பிடித்துக்கொண்டன. உள் லூப் முடியும்போது அ = 4. வெளி லூப் ஒன்று கூட்டி 5 ஆக்குகிறது. எல்லைக்குள்தான் இருக்கிறது, மறுபடி உள்ளே போகிறது. அங்கே திரும்பவும் 4. இப்படியே காலத்துக்கும் சுற்றும்.

அப்போதுதான் பாஸ்கல் மொழியின் பழைய விதி புரிந்தது. 1983-இல் வந்த ஐஎஸ்ஓ தரம், லூப் வேரியபிளை அந்த லூப் இருக்கும் பிளாக்கிலேயே (அதே ஃபங்ஷன் அல்லது முதன்மை நிரலிலேயே) அறிவித்திருக்க வேண்டும் என்கிறது. வீண் கெடுபிடி என்றே இதுவரை நினைத்திருந்தேன். லூப்புக்குள் நேராக 'அ = அ + 1' என்று எழுதியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். எங்கோ இருக்கும் ஒரு ஃபங்ஷன் அதை மாற்றுவது லூப்பைப் படித்தால் தெரியாது. லோக்கலாக இருந்தால் அதைத் தொடக்கூடிய கோட் முழுதும் அந்த ஒரு பிளாக்குக்குள் அடங்கிவிடும். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியும். எவ்வளவு யோசித்து வைத்த விதி!

அடுத்து பைத்தான் வழி. உள்ளே மாற்றினாலும் அடுத்த சுற்றில் சரியான மதிப்பே வரும். லூப் ஒழுங்காக நின்றது. ஆனால் எழுதியவர் போட்ட வரி சத்தமில்லாமல் வீணாகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. தவறு என்றால் மொழி வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கடைசியில் ஏடா மொழியின் வழிக்கு வந்தேன். லூப்பே தன் வேரியபிளைப் புதிதாக அறிவிக்கும், உள்ளே அது மாறிலி, வெளியே அந்தப் பெயர் கிடையாது. லுவா மொழியின் 5.5 பதிப்பிலும் லூப் வேரியபிளைப் படிக்க மட்டும்தான் முடியும். இப்போது லூப்புக்குள் அதை மாற்றும் வரி இருந்தால், நிரல் ஓடத் தொடங்கும் முன்பே என் இன்டர்பிரெட்டர் சொல்லிவிடுகிறது:

வரி 7: 'அ' லூப்பின் வேரியபிள், இதை மாற்ற முடியாது

லூப் வேரியபிளை ரெஃபரன்ஸாக (மதிப்பின் நகலாக அல்லாமல், வேரியபிளையே) ஃபங்ஷனுக்கு அனுப்புவதையும் தடுக்க வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் பின்வாசல் திறந்தே கிடக்கும்.

இன்னொன்றையும் கையோடு சரிசெய்தேன். 32 பிட் எண்ணில் மேல் எல்லை 2147483647 என்றால், ஒன்று கூட்டியதும் மதிப்பு மைனசுக்குப் போய் லூப் முடிவதே இல்லை. ஃபோர்ட்ரான் 77 போல எத்தனை சுற்று என்பதை நுழையும்போதே கணக்கிட்டு வைத்தேன், சரியாகிவிட்டது.

இழப்பு ஒன்று உண்டு. சரத்தில் பின்சாய்கோட்டை (\) கண்டால் லூப் வேரியபிளைக் கூட்டி அடுத்த எழுத்தைத் தாண்டும் என் பழைய கோட் இனி ஓடாது. அதை 'வரை' லூப்பிலிருந்து நிபந்தனை உண்மையாக இருக்கும்வரை சுற்றும் 'உள்ளவரை' லூப்புக்கு மாற்றி எழுதினேன். இரண்டு வரி கூடியது. இறங்குமுகமாக எண்ணும் லூப் இன்னும் பாக்கி.