ஹெர்க் வாய்க்காலும் நானும்

மார்ச் 3, 2025, திங்கள்

எங்கள் புது வலி மருந்து இதயத்தின் ஹெர்க் வாய்க்காலை (செல் சவ்வில் பொட்டாசியம் அயனிகள் போகும் புரத வழி) அடைக்கிறதா என்று செல்லின் மின்னோட்டத்தை அளந்து பார்க்க வேண்டும். இன்று 14 செல்களில் முயன்றேன், 2 மட்டும்தான் சீல் ஆயின. கண்ணாடி பைபெட்டின் நுனியை செல்லின் மேல் வைத்து மெல்ல உறிஞ்சினால், சவ்வு கண்ணாடியோடு ஒட்டி மின்தடை ஜிகா ஓம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவே இல்லை. செல்களைத் தட்டிலிருந்து பிரித்தெடுக்கும் டிரிப்சின் நொதியில் அவற்றை அதிக நேரம் விட்டிருக்கிறேன், சவ்வு நைந்துவிட்டது. நாளை புதுத் தட்டு.

மார்ச் 5, புதன்

"வலி மருந்துக்கும் இதயத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?" என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். டெர்ஃபெனடின் கதையைச் சொன்னேன்.

1985-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒவ்வாமை மருந்து அது. ஹிஸ்டமின் ஏற்பியை மறிக்கும், தூக்கம் வராது. உள்ளே போனதும் கல்லீரல் அதைச் சீக்கிரமே ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடும். கூடவே கீட்டோகோனசோலோ எரித்ரோமைசினோ சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைபட்டு, மாறாத மருந்து இரத்தத்தில் ஏறும். ஏறியது போய் அடைத்தது இதயத்தின் ஹெர்க் பொட்டாசியம் வாய்க்காலை. ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னேறி ஓய்வுக்குத் திரும்பும் நேரம்) நீண்டு, துடிப்பு தாறுமாறாகி, சிலர் இறந்தே போனார்கள். 1998-இல் அங்கே அது சந்தையிலிருந்து போனது. மூக்கு ஒழுகியதற்கு மாத்திரை போட்டவர்கள் அவர்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் எனக்கு இது வலிக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

எங்கள் மூலக்கூறு வலி நரம்புகளில் இருக்கும் நேவி 1.8 என்ற சோடியம் வாய்க்காலை மறிப்பது. ஜனவரி 30 அன்று அதே வாய்க்காலைக் குறிவைக்கும் சுசெட்ரிஜினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபோது எங்கள் ஆய்வகமே துள்ளியது.

இன்று எங்கள் மூலக்கூறை ஹெர்க்கில் பார்த்தேன். செல்லை −80 மில்லிவோல்ட்டில் வைத்து, +20-க்கு ஏற்றி, −50-க்கு இறக்கினால், இறக்கியபின் வரும் ஓட்டமான வால் மின்னோட்டம் எழும்பும். ஏற்றும்போது அடங்கிக் கிடந்து இறக்கும்போது பெரிதாவதுதான் ஹெர்க்கின் குணம். ஒவ்வொரு துடிப்பின் முடிவிலும் இதயத் தசை ஓய்வுக்குத் திரும்ப இந்த ஓட்டம்தான் கைகொடுக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அழகு.

மூலக்கூறை 1 மைக்ரோமோலார் செறிவில் விட்டேன். சில நிமிடங்களில் வால் பாதியாகச் சுருங்கியது.

மார்ச் 9, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. 2017-இல் மெக்கினன் குழு வெளியிட்ட ஹெர்க் வடிவத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். வாய்க்காலின் உட்புறம் டைரோசின் 652, ஃபினைலலனின் 656 என்ற இரண்டு அமினோ அமிலங்கள். நான்கு துணை அலகுகளிலிருந்தும் இவை உள்நோக்கி நிற்கின்றன. கார நைட்ரஜனும் எண்ணெய்ப் பசையான வளையமும் உள்ள மூலக்கூறு வந்தால் அப்பிக்கொள்ளும். எங்களுடையதில் இரண்டும் இருக்கின்றன.

மார்ச் 11, செவ்வாய்

35 டிகிரியில் திரும்பச் செய்தேன். பிளாஸ்டிக் குழாயில் மருந்து ஒட்டி அளவு குறையும் என்பதால் டெஃப்லான் குழாய். ஹெர்க்கை மறிக்கும் என்று தெரிந்த டொஃபெடிலைட் ஒழுங்காக மறித்தது, மருந்தைக் கரைக்கும் திரவமான டிஎம்எஸ்ஓ மட்டும் விட்டபோது ஒன்றும் ஆகவில்லை. அதாவது பிழை என் கையில் இல்லை. முடிவு அதேதான்.

இரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் திரியும் மருந்தின் உச்ச அளவுக்கும் ஹெர்க்கை மறிக்கும் அளவுக்கும் 30 மடங்காவது இடைவெளி வேண்டும் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. எங்கள் மதிப்பீட்டில் 7 மடங்குதான்.

மார்ச் 14, வெள்ளி

கூட்டத்தில் படத்தைக் காட்டினேன். இரண்டு வருட உழைப்பு, யாரும் உடனே பேசவில்லை. அப்புறம் வேதியியல்காரர்தான் எழுந்து பலகையில் ஃபெக்சோஃபெனடினை வரைந்தார். டெர்ஃபெனடினின் வாலில் ஒரு கார்பாக்சிலிக் அமிலம் வந்ததும் ஹெர்க் பிடி எவ்வளவு தளர்ந்துவிட்டது என்று காட்டினார். எங்கள் மூலக்கூறில் அமிலம் போட்டால் நேவி 1.8 பிடியும் போய்விடலாம். அதனால் முதலில் நைட்ரஜனின் காரத்தன்மையைக் குறைத்து மூன்று மூலக்கூறுகள் செய்து பார்ப்பதாக முடிவு.

மார்ச் 18, செவ்வாய்

செல்கள் இன்று நன்றாக இருக்கின்றன, 9-இல் 6 சீல் ஆயின. மூன்றில் முதல் மூலக்கூறு மாலையில் வருகிறது. பைபெட்டுகள் இழுத்து வைத்தாயிற்று, எல்லாம் 2 முதல் 3 மெகா ஓம்.