ஆறாம் மாடிக்கு ஏறி வரும் சத்தம்

2021 கார்த்திகையில் கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்தோம். மார்க்கம் வீதியும் எக்ளிங்டனும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, ஆறாம் மாடி. பனிக்காலம் முழுக்க யன்னல் பூட்டியே கிடந்ததால் அமைதியான இடம் என்று நம்பியிருந்தேன். மே மாதம் யன்னலைத் திறந்த முதல் கிழமையே தெரிந்துவிட்டது. இரவு பன்னிரண்டரைக்கு, சிக்னலில் நின்ற கார் ஒன்று பச்சை விழுந்ததும் படபடவென்று வெடித்துக்கொண்டு கிளம்பியது. அம்மா எழும்பி லைட்டை அணைத்துவிட்டு இருட்டில் நின்றார். யாழ்ப்பாணத்தில் பொம்மர், குண்டு போடும் விமானம், இரையும்போது விளக்கை ஊதி அணைத்த பழக்கம்.

எங்கள் கட்டடத்திலும் அப்படி ஒரு கார் உண்டு. இங்கேயே பிறந்த தமிழ்ப் பையனுடையது. தரிப்பிடத்தில் கண்டபோது நேராகவே கேட்டேன்.

"சைலன்சரை நான்தான் மாத்தினனான் அங்கிள். எத்தனை டெசிபல் எண்டு சட்டத்தில இருக்கோ? காட்டுங்கோ."

தேடினேன். அவன் சொன்னது சரி. ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, அளவுக்கு மீறிய அல்லது வழக்கமில்லாத சத்தம் வராதபடி சைலன்சர் வேலை செய்ய வேண்டும் என்கிறது. குடல் உருவிய சைலன்சர், நேர்க்குழாய், சைலன்சரைச் சுற்றிப் போகும் பைபாஸ் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடுக்கிறது. இத்தனை டெசிபல் என்ற எண் மட்டும் இல்லை. எது அளவுக்கு மீறியது என்று மறிக்கிற பொலிஸ்காரரின் காதுதான் தீர்மானிக்கிறது. ரொறன்ரோ நகரசபை விதியில் அப்போது மோட்டார் சைக்கிளுக்கு எண் இருந்தது: எஞ்சின் ஐடிலில், அதாவது முறுக்காமல் நின்ற இடத்தில் ஓட, குழாய் வாயிலிருந்து 50 சென்ரிமீற்றரில் 92 டெசிபல்.

காதை நம்பிய சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. வீதியில் கொட்டும் உப்பால் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பழைய காரோடு வேலைக்குப் போகிறவரும் மாட்டுவார். முகத்தைப் பார்த்து மறிக்கிறார்கள் என்ற பையனின் பயத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஆனால் ஐடிலில் மட்டும் அளந்தாலும் போதாது. மிதிக்கும்போதுதானே வெடிக்கிறது! 10 டெசிபல் கூடினாலே காதுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால் எஞ்சினை முறுக்கியும் அளக்க வேண்டும், கருவியால் அளக்க வேண்டும், அளந்ததைச் சாரதிக்குக் காட்ட வேண்டும்.

இதையே எங்கள் தொகுதி மாகாணசபை உறுப்பினருக்குக் கடிதமாக எழுதினேன். பையனிடம் வாசிக்கக் கொடுத்து, அம்மாவின் கதையையும் சொன்னேன். "எண் ஒண்டு வைச்சா அதுக்குள்ள நிப்பன் அங்கிள்" என்றான். கையெழுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறான்.