ஆளை மாற்றினால் ஆட்டம் மாறுமா?

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியை நினைத்தாலே ஆற்றாமையாக இருக்கிறது. 2003இல் ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்த பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச்சைப் போதாதென்று அனுப்பினார்கள். அடுத்து வந்தவர், பந்தோடு ஓடியே பெயர் வாங்கிய அணியை எறிந்து ஆடச் சொன்னார். 2004இல் 5 வெற்றி, 6 தோல்வி. அப்புறம் போ பெலினி. ஏழு வருடமும் ஒன்பது வெற்றிக்குக் குறையவில்லை. அவரையும் அனுப்பியாச்சு!

ஆள் மாறும்போதெல்லாம் ஆட்டமுறையும் மாறினால், பழையவர் தேடிச் சேர்த்த பையன்கள் என்ன செய்வார்கள்?

2022இல் டப்ளினில் 28-17 என்று முன்னிலை. அப்போதைய பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் பந்தைத் தூர உதைக்கவிடாமல், பக்கத்திலேயே தட்டி மீண்டும் பிடிக்கச் சொன்னார். பிடித்தது எதிரணியான நார்த்வெஸ்டர்ன். கடைசியில் 28-31. சரி, ஏன் சாமி அந்த வீம்பு? இரண்டே வாரத்தில் அவர் வேலையும் போச்சு.